கை தூக்கினால் போதுமா?

பக்கவாதம் வந்தவரைத் திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். உயிர் பிழைத்து, குடவாசல் பக்கத்துக் கிராமத்து வீட்டுக்குத் திரும்புகிறார். பிசியோதெரபி நடக்கிறது, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் செய்கிறார்கள். நாளடைவில் கை தோள் வரை எழும்புகிறது. ஆனால் சட்டை மாட்ட மனைவி வேண்டும், சோறு ஊட்ட மருமகள் வேண்டும், கொல்லைக்குப் போக மகன் வேண்டும். பாதி குணமானவர் முழு நோயாளியாகவே இருந்துவிடுகிறார்.

இங்கேதான் ஆக்குபேஷனல் தெரபி தேவைப்படுகிறது. பிசியோதெரபி தசைக்கும் மூட்டுக்கும் பலம் தேடுகிறது. இதுவோ அந்தப் பலத்தை அன்றாடக் காரியமாக மாற்றுகிறது. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை, இரண்டும் வேண்டும்.

சட்டையையே எடுத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையை மடியில் விரித்து, முடங்கிய கையை முதலில் நுழைக்க வேண்டும். நல்ல கையால் அதைத் தோள் வரை இழுத்துவிட்டு, முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, கடைசியில் நல்ல கையை விட வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். இந்த வரிசை தெரியாததால்தான் பல வீடுகளில் தினமும் காலையில் மல்லுக்கட்டு நடக்கிறது. வேட்டிக்கு ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ இருக்கவே இருக்கிறது.

வலது கை விழுந்தவருக்குச் சாப்பாடு பெரிய வேதனை. இடது கையால் சாப்பிட மனம் கூசும். பந்தியில் உட்காரவே மாட்டார். பிடி தடித்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி இவ்வளவும் இருந்தால், கொஞ்சம் பிடிமானம் திரும்பிய வலது கையாலேயே பலர் சாப்பிடப் பழகிவிடலாம். ஒரு கையால் காய் நறுக்க, பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை அடித்துக் காயை அதில் குத்தி நிறுத்தினால் போதும். கழிப்பறைக்கு ஒரு கைப்பிடி, உயரமான இருக்கை. இவற்றில் பலவற்றை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். யாருக்கு எது, எந்த உயரத்தில் என்று பார்த்துச் சொல்வதுதான் சிகிச்சையாளரின் படிப்பு.

இது புதிய சங்கதியும் அல்ல. 1950-லேயே பம்பாயில் கமலா நிம்ப்கர் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு முக்கியக் காரணம் அவர்தான்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் தாலுகா அளவில் இந்தச் சிகிச்சையாளரைப் பார்ப்பது அரிது. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் இந்தத் துறையையும் முறைப்படுத்தியிருக்கிறது. சட்டம் வந்தால் போதாது. தாலுகா மருத்துவமனைகளில் பணியிடமும் வேண்டும். வயலிலும் அடுக்களையிலும் உழைத்த உடம்புகள் கட்டிலோடு கிடப்பது நியாயமே இல்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், “ஆக்குபேஷனல் தெரபிக்கு எங்கே போகணும்?” என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின், பத்து நிமிடம் ஆனாலும் அவர் பித்தானை அவரே போடட்டும்.