சாபத்தால் கப்பல் கரைசேருமா?

முனிவர் சினந்தார், சாபமிட்டார், சபிக்கப்பட்டவள் கல்லானாள் என்று கதை கேட்டு வளர்ந்த நாடு நம்முடையது. அக்கதைகளைக் கேட்டு நகைக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்களை நாம் ஒன்று கேட்கிறோம். தாடியும் கமண்டலமும் இன்றி, தாளும் முத்திரையும் கொண்டு வல்லரசுகள் இடும் சாபத்தை மட்டும் நம்பலாமோ? பொருளாதாரத் தடை என்பது அச்சாபத்தின் பெயர்.

செங்கடலைப் பாருங்கள், தோழர்களே! 2023 நவம்பர் 19ஆம் நாள், ஏமன் நாட்டு ஹூதி கிளர்ச்சியாளர் ஹெலிகாப்டரில் வந்திறங்கி, காலக்சி லீடர் என்னும் வணிகக் கப்பலைக் கைப்பற்றினர். 2024 சனவரியில் அமெரிக்கா அவர்களைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. மார்ச்சில் ரூபிமார் மூழ்கியது. அதே மாதம் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் மூன்று மாலுமிகள் மாண்டனர். 2025 மார்ச்சில் தடை இன்னும் கடுமையாயிற்று. சூலையில் மேஜிக் சீஸ், எடர்னிடி சி எனும் இரு கப்பல்கள் அடுத்தடுத்துக் கடலடி சேர்ந்தன. தடைமேல் தடை வந்தது. கப்பல்மேல் கப்பல் கவிழ்ந்தது!

எங்கோ நடப்பது நமக்கென்ன என்பீரோ? திருப்பூர்ப் பின்னலாடை தூத்துக்குடியில் பெட்டியேறி ஐரோப்பா செல்லும் வழி அது. அவ்வழி அடைபட்டால் நன்னம்பிக்கை முனையைச் சுற்ற வேண்டும், பத்து நாள், இரண்டு வாரம் கூடுதல், வாடகை ஏற்றம். அந்தச் சுமை முதலாளியின் மேசையில் நிற்பதில்லை. தையல் எந்திரத்தின்முன் அமர்ந்த பெண்ணின் கூலியில் வந்து இறங்குகிறது. 2024 சனவரி 26இல் ஏவுகணை பாய்ந்து எரிந்த மார்லின் லுவாண்டா கப்பலில் இருந்தவர்களுள் 22 பேர் இந்திய மாலுமிகள். முத்துக்குளித்துறையின் பிள்ளைகளும் கடலை நம்பிப் பிழைப்பவர்கள்தாம். ஆகவே இது நம் வீட்டுச் செய்தி.

கிளர்ச்சியாளருக்காக வாதாட நாம் வரவில்லை. காசா மக்களுக்காகத் தாக்குகிறோம் என்றனர். காசாவின் கண்ணீர் உண்மை. ஆனால், வயிற்றுக்காகக் கடலேறிய பிலிப்பைன்ஸ் மாலுமியா அங்கே குண்டு பொழிந்தான்? பாட்டாளியைக் கொன்று பாட்டாளிக்கு நீதி தேடுவது வீரமன்று; கொடுமை.

தடை ஏன் பலிக்கவில்லை? நியூயார்க் வங்கியில் பணம் வைத்திருப்பவன் அதற்கு அஞ்சுவான். மலைக்குகையில் ஏவுகணை வைத்திருப்பவன் ஏன் அஞ்ச வேண்டும்? அஞ்சுபவன், ஏமனுக்குக் கோதுமை அனுப்பும் வணிகன்; அவனுக்குக் கடன் தரும் வங்கிக்காரன். உணவில் பெரும்பகுதியை இறக்குமதி செய்து உண்ணும் நாடு அது. 2021இல் இதே தடையைப் போட்ட அமெரிக்கா, பஞ்சம் வரும் என்ற எச்சரிக்கை எழுந்ததும் சில வாரங்களில் தானே விலக்கிக்கொண்டதே! குறி ஒருவன், அடி இன்னொருவனுக்கு!

வேடிக்கையைக் கேளுங்கள். ஹூதிகள் கப்பல் நிறுவனங்களிடம் வழிக்கட்டணம் வாங்குவதாக ஐ.நா. வல்லுநர் குழு 2024இல் அறிக்கை தந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள்மீது ஹூதிகளே 'தடை' அறிவித்தனர். முனிவரின் சாபத்தை அரக்கனும் கற்றுக்கொண்டான்!

நம் கரைக்கு இது புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர், தாம் விற்ற கர்த்தாசு என்னும் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைப் பறித்தனர். சீட்டு விற்றவனுக்கு அது சட்டம். கலத்தை இழந்தவனுக்குக் கொள்ளை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டார். 1908இல் ஆங்கிலேயன் அவரைச் சிறைக்கு அனுப்பியதும் சட்டத்தின் பெயரால்தான். கடலின் சட்டத்தை வலியவன் எழுதினால் அது யாருக்கு உழைக்கும் என்பதைத் தூத்துக்குடி அறியும்.

அப்படியானால் எது தடுத்தது? 2025 சனவரியில் காசாவில் போர் நின்றது; காலக்சி லீடரின் 25 மாலுமிகள் விடுவிக்கப்பட்டனர். மார்ச்சில் போர் மீண்டும் மூண்டது. சூலையில் கப்பல்கள் மூழ்கின. அக்டோபரில் போர் நின்றது, தாக்குதலும் ஓய்ந்தது. மிரட்டலுக்குப் பணிவதா என்று சீறுவோர் சிந்திக்கட்டும். காசாவில் கொலையை நிறுத்துவது ஹூதிக்குத் தரும் பரிசன்று; அவன் பிறவாதிருந்தாலும் செய்ய வேண்டிய நீதி. அந்த நீதி நடந்தால், அவன் கையிலுள்ள சாக்கும் பறிபோகும்.

தடையே கூடாது என்பதல்ல நம் வாதம். அடிக்கும் இடம் அறிந்து அடிக்க வேண்டும் என்கிறோம். 2015 முதல் ஐ.நா.வின் ஆயுதத் தடை தாளில் இருக்கிறது. அதைத் துறைமுகத்திலும் கடலிலும் நிறைவேற்றட்டும். ஏவுகணை உறுப்பு விற்பவனையும், மறைவாக வழிக்கட்டணம் கட்டிவிட்டு மேடையில் மனிதநேயம் பேசும் முதலாளியையும் பிடிக்கட்டும். கோதுமைக் கப்பலை விடட்டும். ஆபத்துக் கடலுக்குப் போக மறுக்கும் உரிமை, தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களோடு நில்லாமல், ஒவ்வொரு மாலுமிக்கும் கிடைக்கட்டும்.

பாவம் செய்தவனைத் தொடாமல் பசித்தவனைச் சுடுவது சாபம். காரணத்தைக் கண்டு அதன் வேரை அறுப்பது பகுத்தறிவு. எதை வைத்துக் கப்பலைக் காக்கப்போகிறோம், தோழர்களே?