நிற்கத் தெரியாத சர்வர்கள்

‘சர்வர் டவுன்’ என்று கவுன்ட்டரில் சொன்னதும் வரிசையில் நிற்பவர்கள் கேட்பது, இன்னும் நாலு சர்வர் வாங்கிப் போட்டால் என்ன என்றுதான். போடலாம். ஒரே தரவுத்தளத்துக்குப் பல இயந்திரங்களில் நகல் வைத்து, ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும்படி கட்டுவதே கிளஸ்டர். படிக்கும் வேலையை நகல்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் வேகமும் கூடும். எழுதும் வேலையோ பெரும்பாலும் ஒரே தலைமை இயந்திரத்தின் வழியாகத்தான் நடக்கிறது. அது பதில் சொல்லாதபோது யார் தலைமை, யார் கணக்கு சரி என்பதை இயந்திரங்களின் எண்ணிக்கை தீர்த்துவைக்காது. மனிதர்கள் முன்கூட்டி எழுதிய விதிதான் தீர்க்கும்.

2018 அக்டோபர் 21 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதாகிக்கொண்டிருந்த ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது கிழக்குக் கரைத் தரவு மையத்தின் இணைப்பு 43 விநாடி அறுந்தது. கண்காணிப்பு மென்பொருள் விதிப்படியே பெரும்பான்மை கூட்டி, தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. கிழக்கில் கடைசியாக எழுதப்பட்டவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கோ புதிய பதிவுகளை ஏற்கத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 40 நிமிடப் பதிவுகள் அங்கே குவிந்த பிறகு எந்தப் பக்கத்தையும் அப்படியே கைவிட முடியவில்லை. பரபரப்பான கிளஸ்டர் ஒன்றில் இப்படிக் கிழக்கில் சிக்கியவை வெறும் 954 பதிவுகள். ஆனால் எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. மென்பொருள் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. அதனால்தான் கரை தாண்டித் தலைமை மாறக் கூடாது என்று பிறகு விதியையே திருத்த முடிவெடுத்தார்கள்.

இரு கரையிலும் எழுதி முடித்த பிறகே பதிவை ஏற்றால் இந்தச் சிக்கல் வராதே என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒவ்வொரு பதிவும் கண்டம் கடந்து போய்வரக் காத்திருக்கும், இணைப்பு அறுந்தால் அதுவும் நின்றுவிடும். சேவை நிற்பதை வாடிக்கையாளர்கள் பொறுக்க மாட்டார்கள் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஒரு வீடியோவின் லைக் எண்ணிக்கை பிசகினால் யாருக்கும் நட்டமில்லை, அங்கே ஓடட்டும். ஏ.டி.எம்.மில் எடுத்த பணம் ஒரு மையத்தில் கழிந்து மறு மையத்தில் கழியாமல் கிடப்பதைவிட, சில நிமிடம் ‘இப்போது முடியாது’ என்று மறுப்பதே மேல். முதன்மைத் தரவு மையத்து மின்தடை உள்ளிட்ட முடக்கங்களுக்காக 2020 டிசம்பரில் எச்.டி.எஃப்.சி. வங்கியின் புதிய கிரெடிட் கார்டு விநியோகத்தையே ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. அந்தக் கண்டிப்போடு, எந்தச் சேவை எப்போது நிற்கும், எது மாற்று மையத்துக்குத் தாவும், அந்த முடிவை எடுப்பது யார் என்பதையும் ஒவ்வொரு வங்கியிடமும் எழுத்தில் வாங்கி வெளியிடலாம். கிட்ஹப் தன் முடக்கத்தை மணிவாரியாக எழுதி வெளியிட்டது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்’ என்ற ஒற்றை வரிதான்.