அண்ணாமலையைப் பற்றிய ஆய்வு அண்ணாமலையில் படிக்கக் கிடைக்க வேண்டும்

ஆய்விதழ்களின் விலையும் கட்டற்ற அணுக்கமும்: எங்கள் நிலைப்பாடு

திருவண்ணாமலை மாவட்டத்தின் அரசு, தனியார் கல்லூரிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், முனைவர் பட்ட ஆய்வாளர்கள், நூலகர்கள், கல்லூரிகளுக்கு வெளியே கல்வெட்டும் நடுகல்லும் தேடி ஊர் ஊராகச் செல்லும் வரலாற்று ஆர்வலர்கள் ஆகியோர் சேர்ந்தது எங்கள் அமைப்பு. ஆய்விதழைப் படிக்க ஆகும் செலவையும், அதில் எழுத ஆகும் செலவையும் பற்றி எங்களுக்குள் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். மக்கள் பணத்தில் நடந்த ஆய்வை மக்கள் காசு கொடுக்காமல் படிக்க முடிய வேண்டும். அந்த ஆய்வை எழுதியவரும் அதை வெளியிடக் காசு கட்டக் கூடாது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்கும் ஏற்பாட்டைக் கட்டற்ற அணுக்கம் என்று நாங்கள் ஏற்கவில்லை.

திருவண்ணாமலையில் இருப்பவர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. அருணாசலேசுவரர் கோயிலையும் அதைச் சுற்றி வளர்ந்த நகரத்தையும் பற்றி நடந்த மிக விரிவான ஆய்வு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களின் முயற்சி. 1989-ல் வெளிவரத் தொடங்கிய அந்த வரிசையில் கோயிலின் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கோயிலின் கட்டுமானம், வழிபாடு, விழாக்கள், கோயிலோடு பிணைந்த சாதிகளின் உரிமைகள், நகரத்தின் வளர்ச்சி ஆகியவற்றை பிரான்சுவாஸ் லெர்னோ, மரி-லூயிஸ் ரெனிஷ் முதலியோர் பிரெஞ்சில் எழுதினார்கள். அவர்களின் உழைப்பை நாங்கள் நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் எந்தக் கோபுரத்தையும் எந்த வீதியையும் பற்றி அவை பேசுகின்றனவோ, அந்த வீதியில் வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி நூல்கள் உண்டு என்பதே அறியாதவர்கள். கோயில் வரலாறு படிக்க வருகிற முதுகலை மாணவருக்கு முதலில் கிடைப்பது தலபுராணச் சுருக்கமும் சுற்றுலாக் கையேடும்தான்.

இதற்கு நேர்மாறான முன்மாதிரிகளும் இதே மண்ணில் உண்டு. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-லேயே தொகுத்துத் தமிழில் வெளியிட்டது. இரா. நாகசாமி பதிப்பித்த அந்தச் ‘செங்கம் நடுகற்கள்’ நூலைக் கொண்டு பள்ளி ஆசிரியர்கூடக் கள ஆய்வுக்குப் போக முடியும். ரமணாசிரமத்திலிருந்து 1964-ல் ஆர்தர் ஆஸ்போர்னை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘தி மவுண்டன் பாத்’ இதழின் பழைய தொகுப்புகளை இன்று எவரும் ஆசிரமத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஜவ்வாது மலையில், மாவட்ட எல்லை தாண்டித் திருப்பத்தூர் பக்கம் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் விஞ்ஞானிகளின் கட்டுரைகளுக்கென்று திறந்த இணையக் களஞ்சியம் வைத்திருக்கிறது. வானியலாளர்களும் இயற்பியலாளர்களும் 1991-ல் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ என்னும் பொதுத் தளத்தில் தங்கள் கட்டுரைகளை, இதழில் அச்சாகும் முன்பே, உலகுக்கு வைத்துவிடுகிறார்கள். மலை மேலுள்ள தொலைநோக்கி எதைக் கண்டது என்பதை மலையடிவாரத்து மாணவி இலவசமாகப் படிக்க முடிகிறது. அதே மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டு எழுதிய மூலிகைக் கட்டுரைகளில் பலவற்றுக்கு அவள் டாலரில் பணம் கட்ட வேண்டும்.

செலவு எங்கே உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஆய்வாளர் கட்டுரை எழுதுகிறார், இதழ் அவருக்குச் சம்பளம் தருவதில்லை. அதே துறை அறிஞர்கள் இரண்டு மூன்று பேர் மதிப்பாய்வு செய்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுக்கும் ஊதியம் இல்லை. ஆய்வுக்கான நிதி அரசுடையது. மெய்ப்புப் பார்த்தல், வடிவமைப்பு, கணினிச் சேமிப்பு, இதழை நிர்வகித்தல் ஆகியவற்றுக்கு உண்மையிலேயே பணம் வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சேவியரின் தாய் நிறுவனம் தன் அறிவியல் வெளியீட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக 35 சதவீதத்துக்கு மேல் லாபம் காட்டிவருகிறது. மெய்ப்புப் பார்க்கும் செலவை வைத்து இந்த லாபத்தை விளக்க முடியாது. எழுதியவரிடமிருந்து உரிமையை இலவசமாகப் பெற்று, அவருடைய கல்லூரிக்கே விற்பதுதான் இதன் அடிப்படை.

2002 பிப்ரவரியில் கட்டற்ற அணுக்கத்துக்கான புடாபெஸ்ட் அறிக்கை வெளிவந்தபோது தீர்வு தெளிவாகவே இருந்தது. கட்டுரையை எழுதியவரே பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம், அல்லது படிப்பவரிடம் பணம் கேட்காத இதழில் வெளியிடலாம். அதே ஆண்டில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. சென்னையில் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் இந்தக் கருத்துக்காகச் சலிக்காமல் பேசினார். 2004-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த பயிற்சிப் பட்டறைகளில் களஞ்சியம் அமைப்பதைப் பல நிறுவனத்தார் கற்றுப் போனார்கள். 2014-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும், தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகள் களஞ்சியத்தில் வைக்கப்பட வேண்டும் என்று கொள்கையே வகுத்தன.

பிறகு பெரிய பதிப்பகங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. படிப்பவரிடம் வாங்காத பணத்தை எழுதுபவரிடம் வாங்கும் வழி அது. ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரையைத் கட்டற்ற அணுக்கத்தில் வெளியிட 2021 முதல் 9,500 யூரோ என்று விலை வைத்தார்கள். அது உச்ச விலைகளில் ஒன்று. சாதாரணமாகப் பெரிய பதிப்பகத்தின் இதழ்கள் 2,000 முதல் 3,000 டாலர் வரை கேட்கின்றன, அதாவது சுமார் ஒன்றே முக்கால் லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் ரூபாய். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் மாதத் தொகுப்பூதியம் 2023-ல்தான் 25,000 ரூபாய் ஆனது. ஒரே ஒரு கட்டுரைக்கு ஏழு முதல் பத்து மாத ஊதியம். கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை உண்டே என்பார்கள். அந்தச் சலுகைகளில் முழு விலக்கு பெரும்பாலும் மிக ஏழை நாடுகளின் பட்டியலுக்குத்தான், இந்தியா அதில் இல்லை. தள்ளுபடி கேட்டு மின்னஞ்சல் எழுதிக் காத்திருப்பதை ஒரு ஆசிரியரின் இயல்பான வேலையாக நாங்கள் கருத மறுக்கிறோம்.

இந்த விலையைக் கட்ட முடியாதவர்களைப் பிடிக்கவே வேறொரு சந்தை வளர்ந்திருக்கிறது. ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரே வாரத்தில் ‘பேப்பர் போட்டுத் தரும்’ இதழ்கள். மதிப்பாய்வே நடக்காது, ஆனால் சான்றிதழ் வரும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே வீச்சில் நீக்கியது. அந்த இதழ்களில் எழுதியவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. குழுவின் 2018 விதிமுறைப்படி ஒரு கட்டுரைக்கு அறிவியலில் 8 மதிப்பெண், கலைப் பாடங்களில் 10 மதிப்பெண் என்று பதவி உயர்வுக் கணக்கு போடும்போது, எண்ணிக்கையைத் தேடி ஓடாதவர் பின்தங்கிவிடுகிறார். 2022 விதிமுறைகளில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீடு கட்டாயம் என்பது நீக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் குழுவின் ‘கேர்’ என்னும் அங்கீகார இதழ்ப் பட்டியலும் கைவிடப்பட்டது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் அந்த இடத்தை இப்போது ‘ஸ்கோபஸ் இருக்கா?’ என்ற கேள்வி நிரப்புகிறது. ஸ்கோபஸ் என்னும் இதழ்ப் பட்டியல் எல்சேவியரின் சொத்து. இதழ்களை விற்கும் நிறுவனமே எந்த இதழ் தகுதியானது என்பதற்கான அளவுகோலையும் விற்கிறது. அந்த அளவுகோலை ஒரு அரசுக் கல்லூரி தன் நேர்காணல் மேசையில் வைப்பது தவறு. தமிழில் எழுதும் ஆய்வாளருக்கு அது அநீதியும்கூட. அவர் எழுதும் இதழ்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் அந்தப் பட்டியலில் இடம் உண்டு.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பற்றி எங்கள் உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில் 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. இதுவரை நல்ல இதழ்கள் பலவற்றைத் திறக்க முடியாத அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய உதவி. அதை ஒதுக்கித் தள்ளச் சொன்னவர்களின் கருத்தை அமைப்பு ஏற்கவில்லை. கிடைத்திருக்கும் அணுக்கத்தை ஒவ்வொரு துறையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டும்.

ஆனாலும் சந்தா என்பது வாடகை. ஆண்டுக்கு 2,000 கோடி கட்டிக் குடியிருக்கிறோம், வீடு நமதாகவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் பதிப்பகம் சொல்லும் விலையை மறுக்கும் வலிமை, சொந்தக் களஞ்சியங்கள் நிரம்பியிருக்கும் நாட்டுக்குத்தான் இருக்கும். தமிழ்நாடு வேறு வழி அறியாததல்ல. 1949-ல் பாரதியின் எழுத்துகளின் உரிமையை அரசே பெற்றுப் பொதுவுடைமையாக்க முடிவெடுத்தது இந்த மாகாணம். அன்று வாடகை பேசவில்லை.

இத்திட்டத்தின் இரண்டாவது குறை எங்கள் அமைப்பின் அமர்வுகளிலேயே தெரிகிறது. முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு மட்டும். ஆகவே அரசுக் கல்லூரி ஆசிரியர் திறக்கும் கட்டுரையைத் தனியார் கல்லூரி ஆசிரியர் திறக்க முடியாது. நடுகல்லைக் கண்டுபிடித்து, படியெடுத்து, நாளிதழுக்குச் செய்தி தரும் ஆர்வலருக்கு எந்தக் கல்லூரிக் கடவுச்சொல்லும் கிடையாது. தனியாகக் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர், ஏரி நீரைச் சோதிக்கும் விவசாயிகள் சங்கத்தார், ஓய்வுபெற்ற பேராசிரியர் எல்லாரும் வெளியேதான் நிற்கிறார்கள்.

வெளியே நிற்பதன் விலையை லைபீரியா அறிந்தது. அந்நாட்டில் எபோலா கிருமிக்கு எதிரான கூறுகள் சிலரின் ரத்தத்தில் இருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 1982-லேயே எழுதிவிட்டார்கள். 2014-ல் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்த பின்புதான் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் அப்படியொரு எச்சரிக்கை இருந்ததை அறிந்தார்கள். அத்தகைய ஒரு கட்டுரையை இறக்க 45 டாலர் என்றும், அது அங்குள்ள மருத்துவரின் அரை வாரச் சம்பளம் என்றும் அவர்கள் 2015-ல் எழுதினார்கள். தங்கள் மக்களின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு தங்களிடம் வந்து சேரவில்லை.

கட்டுரைகளை உரிமையின்றி இறக்கித் தரும் திருட்டுத் தளங்களைப் பற்றியும் எங்களிடம் கேட்கிறார்கள். மூன்று பதிப்பகங்கள் 2020-ல் தொடுத்த வழக்கில் ‘சை-ஹப்’ தளத்தை முடக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. சட்டத்தை மீறும்படி எவருக்கும் நாங்கள் சொல்ல மாட்டோம். அதே நேரம் நியாயமான வழி அடைபட்டிருந்ததால் அங்கே போன மாணவர்களைக் குற்றவாளிகள் என்று அழைக்கவும் மாட்டோம். பாடத்துக்காக நூற்பகுதிகளைப் பிரதியெடுப்பது சட்டப்படி செல்லும் என்று டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016-ல் வந்த தீர்ப்பு நம் கல்லூரிகளில் இன்னும் போதிய அளவு அறியப்படவில்லை. பிரதி எடுக்கப் பயப்படும் நூலகர்கள் அதைப் படிக்க வேண்டும்.

திறப்பதற்கும் எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். ஜவ்வாது மலை மக்களின் மருந்தறிவை அவர்கள் சம்மதமின்றி எடுத்து இணையத்தில் இறைப்பது கட்டற்ற அணுக்கம் ஆகாது. சொன்னவர்களின் ஒப்புதல் முதலில். எழுதி முடித்ததும் அதன் சாரம் தமிழில் அவர்கள் கைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

எனவே எங்கள் உறுப்பினர்கள் இதை உறுதியேற்கிறார்கள்: இனி எழுதும் ஒவ்வொரு கட்டுரையின் ஏற்கப்பட்ட வடிவத்தையும், ஒப்பந்தம் இடமளிக்கும் முதல் நாளில், பொதுக் களஞ்சியத்தில் வைப்போம். இந்த மாவட்டத்தைப் பற்றிய கட்டுரை என்றால் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்ப்போம். சொந்தப் பணம் கட்டி எந்த இதழிலும் வெளியிட மாட்டோம். எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் பணம் வாங்காத இதழ்களுக்கு மதிப்பாய்வு நேரத்தை முதலில் தருவோம். இந்திய அறிவியல் அகாடமியின் இதழ்களைப் போல, கல்வி நிறுவனங்களே நடத்தும் இதழ்கள் இன்னும் நிறைய வேண்டும். அதற்கான ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ மென்பொருள் இலவசம். தேவைப்படுவது ஆளும் சிறு தொகையும். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் கட்டுரைகளுக்கெல்லாம் ஒரே களஞ்சியம் நடத்த வேண்டும். ஆய்வேடுகளுக்குச் ‘சோத்கங்கா’ இருப்பது போல் இதுவும் கட்டாயமாக வேண்டும். பணி நியமனத்திலும் பதவி உயர்வுக் குழுவிலும் கட்டுரையைப் படித்து மதிப்பிடட்டும், இதழின் விலைப் பட்டியலைப் பார்த்து அல்ல.

தமிழ்நாடு அரசிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. 1948-ல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் நடக்கும் மாவட்ட மைய நூலகத்தில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ இதழ்களைத் திறக்கும் கணினிகள் இருக்க வேண்டும். பொது நூலகங்களுக்குப் பிற்காலக் கட்டத்தில் விரிப்பது பற்றிப் பேசப்பட்டிருக்கிறது. 2027-க்குப் பிந்தைய ஒப்பந்தத்தில் அது எழுத்தில் வர வேண்டும் என்று மாநில அரசு இப்போதே மத்திய அரசிடம் வலியுறுத்த வேண்டும். அது வரும்வரை, உரிம விதிகள் அனுமதிக்கும் அளவில், அரசுக் கல்லூரி நூலகங்கள் வெளியார் வந்து உட்கார்ந்து படிக்க வாரத்தில் சில மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்று மாவட்டத்தின் கல்லூரி முதல்வர்களை நேரில் சந்தித்துக் கேட்கவிருக்கிறோம். வருகிறவர்களுக்குத் தேடிக் கொடுக்க எங்கள் நூலக உறுப்பினர்கள் முறை வைத்து வந்து உதவுவார்கள்.