தறிக்குழிக்கு என்ன வேலை?

போன ஞாயிற்றுக்கிழமை மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் கால் தவறி விழப் பார்த்தேன். நட்டநடுவில் ஒரு பள்ளம்.

‘பாத்து வே! அது வாப்பா உக்காந்து நெஞ்ச குழி’ என்று கையைப் பிடித்தார் நண்பர். என்னோடு ஒரே ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்.

குழித்தறி பார்த்திராதவர்களுக்கு: நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். தறியைச் சுற்றித்தான் வீட்டையே கட்டினார்கள். நெசவாளர் தெருக்கள் பல ஊர்களில் நீளமாக, நேராக இருப்பதும் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போடத்தான். ஊரே ஒரு தொழிற்சாலை. கூரை மட்டும் தனித்தனி. தறிச் சத்தம் அடங்கிய பல வீடுகளில் இப்போது பெண்கள் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றுகிறார்கள்.

நண்பரின் தம்பிக்கு வீட்டை இடித்து நாலு கடை கட்ட ஆசை. உம்மாவுக்கு மனசில்லை. ‘நீரு பிளான் போடுத ஆளுதானே, ஒரு வழி சொல்லும்’ என்றார் நண்பர். நான் இரண்டு ஊர்க் கதை சொன்னேன்.

முதலாவது மும்பை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஆலை நிலத்தில் ஒரு பங்கு முதலாளிக்கு, ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு, ஒரு பங்கு எளியவர் வீடுகளுக்கு என்று 1991இல் விதி வந்தது. 1996இல் ஆர்க்கிடெக்ட் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு, எல்லாவற்றையும் இணைத்து ஒரு திட்டமும் கொடுத்தது. 2001இல் விதியைத் திருத்தினார்கள்: காலி மனையை மட்டும் பங்கு வைத்தால் போதும்! 2006இல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்றுவிட்டது. சங்கு ஊதினதும் அப்பா உரிமையோடு நுழைந்த கேட்டில், இன்று பிள்ளை பையைத் திறந்து காட்டிவிட்டு ஷாப்பிங் மாலுக்குள் போகிறான்.

இரண்டாவது பிரேசிலில் சாவோ பாவ்லோ. மூடிக் கிடந்த டிரம் தொழிற்சாலை ஒன்றை மாற்றிக் கட்டும் பொறுப்பு, 1977இல் லீனா போ பார்தி என்ற பெண் ஆர்க்கிடெக்ட்டிடம் வந்தது. விடுமுறை நாளில் போய்ப் பார்த்தார். பாழடைந்த ஷெட்டுக்குள் பிள்ளைகள் பந்து விளையாட, குடும்பங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன. இந்தச் சந்தோஷம் கலையக் கூடாது என்று முடிவு செய்தார். சுவரும் கூரையும் தப்பின. உள்ளே நூலகம், பட்டறை, நாடக அரங்கு எல்லாம் வந்து 1982இல் திறந்தார்கள். பின்பக்கம் மூடப்பட்ட ஓடை. மேலே கட்டக் கூடாது. இரு பக்கமும் கோபுரம் எழுப்பி, அந்தரத்தில் பாலம் போட்டு இணைத்தார். கீழே ஓடைமேல் மரப்பலகை விரித்தார். ஊரே அங்கே வெயில் காய்கிறது.

நமக்கும் பாளையங்கால்வாய் இருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு குப்பை கொட்டுகிறோம். 1843இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குப் பாலம் கட்டிக் கரைகளை இணைத்தார். 1994இல் மேலப்பாளையத்தையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். காகிதத்தில் சேர்ந்தாச்சு. டவுன்காரன் செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை தவிர வேறு எதற்கு இங்கே வருகிறான்?

பேசிக்கொண்டிருக்கும்போதே தெருப் பிள்ளைகள் நாலு பேர் புத்தகத்தோடு வந்து, குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

‘தெனமும் வருதுவ. படிக்க வசதியா இருக்காம்’ என்றார் உம்மா.

நண்பர் திருதிருவென்று விழித்தார். இத்தனை நாள் அவர் கண்ணில் படவே இல்லை.

முன்பக்கம் இரண்டு கடை, பின்னால் கூடமும் குழியும் அப்படியே என்று பிளான் போட்டுக் கொடுத்தேன். ‘மத்த ரெண்டு கடை வாடகைய யாரு தருவா?’ என்று கேட்கிறான் தம்பி. நியாயமான கேள்வி. பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பதில் அதில் இல்லை.