முடிச்சூரில் யாரும் கேட்காத கேள்வி

தாம்பரம் சட்டமன்றத் தொகுதியில் 2006, 2011, 2016, 2021 ஆகிய நான்கு தேர்தல்களிலும் திமுக நிறுத்திய வேட்பாளர் ஒருவரே: எஸ்.ஆர்.ராஜா. மூன்று முறை வென்றார். 2011-ல் மட்டும் அதிமுகவின் டி.கே.எம்.சின்னய்யாவிடம் தோற்றார். பத்து ஆண்டுகள் கழித்து அதே சின்னய்யாவை அதிமுக மறுபடியும் அவருக்கு எதிரே நிறுத்தியது. இருவரும் தொகுதிக்குத் தெரிந்த முகங்கள். கட்சிகளின் தேர்வு சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால், முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ வசிக்கும் ஒரு திமுக வாக்காளரிடம், ஒரு அதிமுக வாக்காளரிடம், ‘உங்கள் கட்சியின் சார்பில் இங்கே யார் நிற்க வேண்டும்?’ என்று கேட்டு, அவர் பதிலுக்குக் கட்டுப்படும் ஏற்பாடு இந்தக் கட்சிகளில் இல்லை. தேர்தல் நெருங்கியதும் வந்து சேரும் கருத்துக்கணிப்புகளும் அதைக் கேட்பதில்லை. யாருக்கு ஓட்டு, யார் முதல்வர் என்ற இரண்டு கேள்விகளோடு அவை எழுந்து போய்விடுகின்றன.

அமெரிக்காவில் கட்சியின் சார்பில் யார் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கென்றே தனியாக ஒரு தேர்தல் நடக்கிறது. பிரைமரி எனப்படும் வேட்பாளர் தேர்வுத் தேர்தலில், தங்கள் கட்சிக்காக அதிபர் களத்தில் நிற்க வேண்டியவர் யார் என்று வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு ஓராண்டு முன்பிருந்தே கருத்துக்கணிப்புகள் அணிவகுக்கின்றன. அந்தக் கணிப்புகளுக்கு இருக்கும் அதிகாரத்தைத் தமிழ் வாசகர்கள் நெருக்கமாக அறிய ஓர் உதாரணம் உண்டு. மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், 2019 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கினார். அவ்வாண்டு ஜூன் மாத மேடை விவாதத்தில் ஜோ பைடனை நேருக்கு நேர் கேள்வி கேட்டதும் கணிப்புகளில் சட்டென உயர்ந்தார். பிறகு சரிந்தார். கணிப்பு சரிய நன்கொடை சரிந்தது. நன்கொடை சரிய விளம்பரமும் களப்பணியும் சுருங்கின. அவை சுருங்கக் கணிப்பு மேலும் சரிந்தது. டிசம்பர் 3 அன்று விலகிக்கொண்டார். அன்றைய தேதிவரை அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் ஒரு வாக்குகூடப் பதிவாகியிருக்கவில்லை. முதல் வாக்கெடுப்பு நடக்கவிருந்த ஐயோவாவுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

அந்தப் போட்டியில் விவாத மேடை ஏறுவதற்கே கணிப்பில் இடம் வேண்டியிருந்தது. முதல் இரண்டு விவாதங்களுக்கு மூன்று கணிப்புகளில் தலா 1 சதவீத ஆதரவு அல்லது 65,000 நன்கொடையாளர்கள் என்பது கட்சி வைத்த நிபந்தனை. அடுத்தடுத்த விவாதங்களுக்கு இரண்டும் சேர்ந்தே கேட்கப்பட்டன, அளவும் ஏறிக்கொண்டே போனது. சில நூறு பேரிடம் தொலைபேசியில் கேட்டு எடுத்த 1 சதவீதம் என்பது சில பேரின் பதில். அந்தச் சிலர் அன்று போனை எடுத்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து ஒருவரின் அரசியல் எதிர்காலம் முடிவாகிறது என்றால், அதை மக்கள் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. 

உட்கட்சிப் போட்டியைக் கணிப்பது பொதுத்தேர்தலைக் கணிப்பதைவிடக் கடினம் என்பதற்குச் சான்றுகள் ஏராளம். 2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் பராக் ஒபாமா பெரிய வித்தியாசத்தில் முந்துவதாகக் கடைசி நாள்வரை கணிப்புகள் கூறின. ஹிலாரி கிளிண்டன் வென்றார். 2016 மார்ச்சில் மிச்சிகனில் ஹிலாரி சுமார் 20 புள்ளிகள் முன்னிலை என்றார்கள். பெர்னி சாண்டர்ஸ் வென்றார். பொதுத்தேர்தலில் பெரும்பாலானோருக்குக் கட்சி என்ற பிடிமானம் இருக்கிறது. ஒரே கட்சிக்குள் ஐந்து பேர் போட்டியிடும்போது அந்தப் பிடிமானம் இல்லை. கடைசி வாரத்தில் மனம் மாறுவது எளிது. வாக்களிக்க வருவோரும் குறைவு. அந்தக் குறைவானவர்கள் யார் என்று முன்கூட்டியே அறிவது அதைவிடச் சிரமம்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கணிப்பு வெளிப்படையாக ஒருமுறை நடந்தது. அதன் விலை மூன்று உயிர்கள்.

2007 மே 9 அன்று ‘தினகரன்’ நாளிதழ், ஏ.சி.நீல்சன் நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்பது கேள்வி. மு.க.ஸ்டாலினுக்கு 70 சதவீதம், மு.க.அழகிரிக்கு 2 சதவீதம் என்று அச்சானது. ஆளும் கட்சியின் அடுத்த தலைவர் யார் என்று மக்களிடம் கேட்டு, எண்ணிக்கையோடு முதல்முறையாகத் தமிழ் நாளிதழ் ஒன்று பெரிய அளவில் வெளியிட்ட நிகழ்வு என்றே அதைச் சொல்லலாம். சாரத்தில் அது ஒரு பிரைமரி கணிப்பு, பிரைமரிதான் இல்லை. அன்றே மதுரையில் அழகிரி ஆதரவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘தினகரன்’ அலுவலகம் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்த ஊழியர்கள் மூவர் புகையில் சிக்கி இறந்தார்கள். கருணாநிதி சட்டமன்றத்தில் அடியெடுத்து வைத்த 50 ஆண்டு நிறைவு விழா நடக்க இரண்டே நாட்கள் இருந்தன. சில நாட்களில், அந்த நாளிதழின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலக நேர்ந்தது.

வழக்கு நடந்த விதமும் நினைவில் வைக்க வேண்டியது. 2009 டிசம்பரில் மதுரை விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 17 பேரையும் விடுவித்தது. சம்பவம் நடந்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இதற்கிடையில் 2014-ல் அழகிரி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்; 2018 ஆகஸ்டில் ஸ்டாலின் போட்டியின்றித் திமுக தலைவரானார். அந்தக் கணிப்பு சொன்ன திசையில்தான் கட்சி நடந்தது. அதனால் கணிப்பின் நோக்கம் தூய்மையாகிவிடாது. கணிப்பை வெளியிட்ட நாளிதழ் மாறன் குடும்பத்தின் சன் குழுமத்துக்குச் சொந்தம், அந்தக் குடும்பம் கருணாநிதியின் உறவு, கட்சியில் அப்போது வாரிசுப் போட்டி கொதித்துக்கொண்டிருந்த நேரம். யார் செலவில், எந்த நேரத்தில், எதற்காக ஒரு கேள்வி கேட்கப்படுகிறது என்பது பதிலைப் போலவே முக்கியம். அதைவிட முக்கியம், மூன்று ஊழியர்களின் சாவுக்குப் பிறகு தமிழ்ப் பத்திரிகை உலகில் உட்கட்சித் தலைமை பற்றிய வெளிப்படையான கணிப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. அந்த மௌனத்தைப் பற்றி இங்கே போதுமான அளவு பேசப்படவில்லை.

கேள்வி மட்டும் சாகவில்லை, உள்ளறைக்குள் போய்விட்டது. விருப்ப மனு கொடுத்தவர்களில் யாருக்குத் தொகுதியில் செல்வாக்கு என்று கட்சிகள் தனியார் நிறுவனங்களை வைத்துச் சர்வே எடுக்கின்றன. 2021 தேர்தலுக்கு பிரசாந்த் கிஷோரின் ஐ-பேக் திமுகவோடு வேலை செய்தது ஊரறிந்தது. நேர்காணலுக்குப் போகிறவர்களே ‘சர்வேயில் என் பெயர் முதலில்’ என்று சொல்லிக்கொள்வது வாடிக்கையாகிவிட்டது. முடிச்சூர் சாலையில் கடை வைத்திருப்பவர் சொன்ன பதில் ஒரு கட்சியின் கணினியில் இருக்கிறது. அந்தப் பதில் எப்படி எண்ணப்பட்டது, மதிக்கப்பட்டதா, ஒதுக்கப்பட்டதா என்பது அவருக்குத் தெரியவே போவதில்லை.

கதவைத் திறந்து பார்த்த கட்சிகளும் இந்தியாவில் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் ராகுல் காந்தியின் முன்னெடுப்பில் காங்கிரஸ் பதினைந்து தொகுதிகள் அளவில் அமெரிக்க பாணித் தேர்வுத் தேர்தலை நடத்தியது. கட்சி நிர்வாகிகளும் தொண்டர்களும் வாக்களித்தார்கள். வடோதராவில் நரேந்திர ராவத் அப்படித் தேர்வானார். பிறகு அங்கே நரேந்திர மோடி போட்டியிடுவது உறுதியானதும், ராவத் ஒதுங்கி மதுசூதன் மிஸ்திரிக்கு இடம் விட்டார். தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுத்தவரைத் தலைமையின் தேவைக்காக மாற்றியதோடு அந்தப் பரிசோதனையின் மதிப்பும் குறைந்துபோனது.

ஆம் ஆத்மி வேறு வழி பிடித்தது. 2022 ஜனவரியில் பஞ்சாபின் முதல்வர் வேட்பாளர் யார் என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து மக்களிடம் கேட்டது. 21 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன என்றும், 93 சதவீதம் பகவந்த் மானுக்கு என்றும் அறிவித்தது; 117-ல் 92 இடங்களை வென்றது. அதே ஆண்டு குஜராத்தில் அதே முறையில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள். இசுதான் கட்வி 73 சதவீதத்தோடு தேர்வானார். அங்கே கட்சிக்குக் கிடைத்தவை 182-ல் ஐந்து. கட்வியே கம்பாலியாவில் தோற்றார். தானாக முன்வந்து போன் செய்கிறவர்கள் கட்சியின் ஆர்வலர்கள். அவர்கள் எத்தனை லட்சம் பேர் ஆனாலும் மாநிலத்தின் முகம் ஆகிவிடுவதில்லை. 1936-லேயே உலகம் இதைப் பார்த்துவிட்டது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, ஆல்ஃப் லாண்டன் அதிபராவார் என்றது. லாண்டன் வென்றது இரண்டு மாநிலங்களில் மட்டும். மிகச் சிறிய மாதிரியை வைத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் காலப், லாண்டனை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகச் சொன்னார். தொலைபேசிப் பட்டியலிலும் கார் பதிவுப் பட்டியலிலும் இருந்தவர்களுக்குத்தான் அந்த இதழ் பெரும்பாலும் எழுதிக் கேட்டது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையிழந்து நின்றவர்கள் அந்தப் பட்டியல்களில் இல்லை.

முடிச்சூருக்குத் திரும்பினால், இங்கே பட்டியலில் இல்லாதவர்கள் யார் என்பது முதல் சிக்கல். வேலைநாளில் பகல் 11 மணிக்கு ஒரு களப்பணியாளர் வந்தால், கிண்டிக்கும் சிறுசேரிக்கும் ஒரகடத்துக்கும் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவார். எஞ்சுவது டீக்கடையும் பேருந்து நிறுத்தமும். அங்கே கிடைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இன்னொரு சிக்கல், இங்கே குடியிருந்துகொண்டு ஓட்டை ஊரில் வைத்திருப்பவர்கள். தென்மாவட்டத்துக்கும் டெல்டாவுக்கும் தேர்தலன்று பேருந்து ஏறுகிறவர் தாம்பரத்தில் பதில் சொல்லலாம். அவர் வாக்கு விழுவது வேறெங்கோ.

வாக்களிக்க வருபவர் யார் என்ற கேள்வி அடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் பதிவானது; முடிச்சூர் அடங்கிய ஸ்ரீபெரும்புதூரில் சுமார் 60; மத்திய சென்னையில் 54-ஐ ஒட்டி. பதில் சொன்ன பத்துப் பேரில் நான்கு பேர் வாக்குச்சாவடிக்கு வராத இடத்தில், பத்துப் பேரின் பதிலையும் சமமாகக் கூட்டுவது பிழை. கருத்துக்கணிப்பு என்ற தொழிலின் கடினமான பகுதி இதுதான். நம்மூர்த் தொலைக்காட்சிகளில் இதைப் பற்றி ஒரு வாக்கியம் கேட்பதே அரிது.

2016 தேர்தல் இந்தப் பகுதிக்கு நேரடிப் பாடம். 2015 நவம்பரிலும் டிசம்பரிலும் அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் அடுத்த வரதராஜபுரமும் மூழ்கின. மொட்டைமாடியிலிருந்து மக்கள் படகில் மீட்கப்பட்டார்கள். அடுத்த ஐந்தே மாதத்தில் சட்டமன்றத் தேர்தல். ஆக்சிஸ் மை இந்தியா திமுக அணிக்கு 124 முதல் 140 வரை என்றது. பெரும்பாலான வாக்குக்கணிப்புகள் அதே பக்கம் சாய, சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்றது. தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134-ஐ வென்றது, திமுக அணி 98. தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர், சோழிங்கநல்லூர், வேளச்சேரி என்று தென்சென்னைப் புறநகரின் வரிசை முழுக்கத் திமுக பக்கம் போனது. கோவை மாவட்டத்தின் பத்தில் ஒன்பது அதிமுகவுக்கு. இரு அணிகளின் மாநில அளவிலான வாக்கு வித்தியாசம் சுமார் 1 சதவீதப் புள்ளி. வெள்ளம் கண்ட ஊர்களில் நின்று பார்த்தவருக்கு ஆட்சி மாறப்போகிறது என்றே தோன்றியிருக்கும்.

எண்ணிக்கையும் கைகொடுக்காது. மாநிலம் முழுக்க ஆயிரம் பேரிடம் முறைப்படி கேட்டால் ஏறத்தாழ 3 புள்ளி இப்படியும் அப்படியும் பிழை வரும். 1 புள்ளிப் போட்டியில் அது வெற்றியாளரைச் சொல்லாது. அந்த ஆயிரத்தைத் தொகுதிவாரியாகப் பிரித்தால் தாம்பரத்தின் பங்கு நான்கைந்து பேர். பத்தாயிரம் பேரிடம் கேட்டாலும் நாற்பது சொச்சம்தான். அதில் ஒரு கட்சியின் ஆதரவாளர்களை மட்டும் பிரித்து, அவர்கள் விரும்பும் வேட்பாளர் யார் என்று பார்த்தால் கையில் மிஞ்சுவது ஒரு வேனில் ஏற்றிவிடக்கூடிய கூட்டம். உட்கட்சிக் கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டுமென்றால் தொகுதி அளவில் தனியாக, பலநூறு பேரிடம், மாலையிலும் விடுமுறை நாளிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டாக வேண்டும். அதற்குச் செலவாகும். அந்தச் செலவைக் கட்சிகள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அதனால் கேட்க வேண்டியது புதிய கணிப்புகளை அல்ல, இருப்பவற்றின் வெளிச்சத்தை. ஒரு தொகுதிக்கு வேட்பாளரை அறிவிக்கும்போது, சர்வே எடுத்திருந்தால் அதில் எத்தனை பேரிடம், எந்தெந்த ஊர்களில், எந்த வார்த்தைகளில் கேட்கப்பட்டது, பதில் என்ன என்பதைக் கட்சி சேர்த்து வெளியிடட்டும். ஊடகங்களுக்கு இந்தக் கடமை முன்பே உண்டு: கணிப்பை நடத்தியவர், பணம் கொடுத்தவர், மாதிரியின் அளவு ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று இந்திய பிரஸ் கவுன்சிலின் வழிகாட்டுதல் கூறுகிறது. சிஎஸ்டிஎஸ்-லோக்நீதி என்ற ஆய்வு அமைப்பு தன் ஆய்வு முறையை விவரமாக வெளியிட்டு வருகிறது, மற்றவர்களாலும் முடியும். பிரான்சில் 1977-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி கணிப்புகளைக் கண்காணிக்க ஓர் ஆணையமே இயங்குகிறது. இங்கே 2015 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 255-வது அறிக்கையில், கருத்துக்கணிப்பை வெளியிடுவோர் அதன் விவரங்களையும் வெளியிடுவதைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவுப்படி, வாக்குப்பதிவு முடியுமுன் எக்ஸிட் போல் முடிவை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதை மறைத்துக் கருத்துக்கணிப்பை வெளியிடுபவரைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் இன்னும் பிரிவு சேர்க்கப்படவில்லை.