சாக்லேட் வேறு, கோகோ வேறு

லட்டும் முறுக்கும் கைமாறிய தீபாவளி போய், இப்போது சாக்லேட் டப்பா கைமாறுகிறது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அண்டை வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் வருவது அதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள பெரியவர்கள், "டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லதாமே, பேப்பரில் போட்டிருக்கிறானே!" என்று இரண்டு மூன்று துண்டுகளை வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

செய்தி பொய்யல்ல. கோகோ விதையில் ஃபிளவனால் என்ற சத்து இருக்கிறது. அது ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிய உதவுகிறது. அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 21,442 பேரிடம் நடந்த 'காஸ்மாஸ்' ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. கோகோச் சத்து உட்கொண்டவர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட மரணங்கள் 27 சதவீதம் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தை ஆராய்ந்ததில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட ஆண்டுக்கு 8.4 சதவீதம் குறைந்ததாக 2025இல் தெரிவித்தார்கள்.

ஆனால் அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் சாப்பிட்டது சாக்லேட் அல்ல. தினம் 500 மில்லிகிராம் ஃபிளவனால் அடங்கிய மாத்திரை. அதிலும் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது, உறுதியாகச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை. ஆய்வுக்கு உதவியவர்களில் மார்ஸ் சாக்லேட் கம்பெனியின் ஒரு பிரிவும் உண்டு என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

கடைச் சாக்லேட்டின் கதையோ வேறு. விதையைப் புளிக்க வைக்கும்போதும் வறுக்கும்போதும் ஃபிளவனால் குறைகிறது. கசப்பைப் போக்க, சோடா உப்பைப் போன்ற காரப் பொருள் சேர்த்தால் இன்னும் குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சேர்த்தால் நிறம் மேலும் கறுக்கும்! ஆகவே கறுப்பை வைத்துச் சத்தை எடைபோட முடியாது. உறையில் உள்ள '70 சதவீதம்' என்பது கோகோவின் பங்கு. ஃபிளவனாலின் அளவு அல்ல. பால் சாக்லேட்டிலோ ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். 2023இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், ஃபிளவனால் மிகுந்த கோகோத் தூளுக்கு மட்டுமே இதய நலம் பற்றிக் குறிப்பிட அனுமதித்தது. அதையும் 'ஆதாரம் மிகக் குறைவு' என்ற எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும்.

ஊரை விட்டு வந்த நமக்கு, நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஓடிவர அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை, மாலை நடை, உப்பும் சர்க்கரையும் குறைந்த சாப்பாடு இவையே நமக்குக் காவல். பண்டிகையன்று ஒரு துண்டு சாக்லேட்டை இனிப்பு என்றே ருசித்துச் சாப்பிடுவோம். அதற்கு மருந்து என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதே என் தாழ்மையான கருத்து.