சொல்லாத சொல்லும் கொல்லப்பட்ட சாட்சியும்

வங்கிகளை ஏன் கொள்ளையடிக்கிறீர்கள் என்று கேட்ட செய்தியாளரிடம், பணம் அங்கேதானே இருக்கிறது என்று வில்லி சட்டன் விடையளித்ததாக ஒரு கதை உலவுகிறது. மருத்துவக் கல்வியில் ‘சட்டன் விதி’ என்றே ஒரு கலைச்சொல் இக்கதையிலிருந்து பிறந்தது. நோய்க்கான காரணம் எங்கே இருக்க வாய்ப்பு மிகுதியோ, அங்கேயே முதலில் தேடுக என்பது அதன் பொருள். ஆனால் தாம் அப்படிச் சொன்னதே இல்லை என்று 1976இல் வெளிவந்த தன்வரலாற்றில் சட்டனே மறுத்துவிட்டார். செய்தியை நிரப்ப வேண்டியிருந்த யாரோ ஒரு நிருபரின் கைவண்ணம் அது என்பது அவருடைய விளக்கம். மறுப்பு அச்சேறி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது; மேற்கோள் இன்னும் அவர் பெயரிலேயே நடமாடுகிறது. கூற்றின் நயம் அதைக் கூறியவர் யார் என்னும் ஆய்வைத் தேவையற்றதாக்கிவிடுகிறது. மேற்கோள் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட கல்விப்புலம் இதில் பொதுமக்களைவிட எச்சரிக்கையாக இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டன் உண்மையில் சொன்னதாகப் பதிவாகியுள்ள மற்றொரு கூற்று மொழியியலாருக்கு இதைவிடச் சுவையானது. 1947 பிப்ரவரி 10 இரவு, ஃபிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் அவரும் சில கைதிகளும் காவலர் உடையணிந்து, ஏணிகளைச் சுமந்து மதிலை நோக்கி நடந்தனர். தேடுவிளக்கின் ஒளி அவர்கள்மீது விழுந்தபோது, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று சட்டன் குரல் கொடுத்தார். எவரும் தடுக்கவில்லை. ஒரு கூற்றுக்குரிய அதிகாரம் சொல்லிலிருந்து வருவதன்று, சொல்பவரின் நிலையிலிருந்து வருவது என்று ஆஸ்டின் வழிவந்தோர் பக்கம் பக்கமாக எழுதியதைச் சீருடை ஒன்று நொடியில் மெய்ப்பித்தது. தந்தி ஊழியர், தபால்காரர், போலீஸ்காரர் என வேடமிட்டு அவர் நடத்திய கொள்ளைகள் எல்லாவற்றிலும் இதே நுட்பம்தான். ‘நடிகர்’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

இந்தச் சாமர்த்தியமே அவரை நல்லவராக்கிவிட்டது என்பதுதான் சிக்கல். அவர் துப்பாக்கியில் குண்டு இருந்ததில்லை என்று ரசனையோடு சொல்வார்கள். துப்பாக்கி முனையில் நின்ற வங்கி எழுத்தருக்கு அது எப்படித் தெரியும்?

அந்த ரசனைக்கு வெளியே நிற்பவர் ஆர்னால்ட் ஷூஸ்டர். 1950 மார்ச்சில் எஃப்.பி.ஐ. தொடங்கிய ‘மிகவும் தேடப்படும் பத்துப் பேர்’ பட்டியலில் சட்டன் விரைவிலேயே சேர்க்கப்பட்டார். விலையுயர்ந்த ஆடைகளில் அவருக்கு நாட்டம் உண்டென்பதால் அவருடைய படம் தையற்கடைகளுக்கும் அனுப்பப்பட்டது. துணிக்கடையில் பணியாற்றிய 24 வயது ஷூஸ்டர், 1952 பிப்ரவரி 18 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் அந்த முகத்தை அடையாளம் கண்டு, பின்தொடர்ந்து சென்று, போலீசுக்குத் தெரிவித்தார். மார்ச் 8 அன்று வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘கொல்லப்பட்டார்’ என்ற செயப்பாட்டு வினைக்கு எழுவாய் இன்றுவரை கிடைக்கவில்லை. மாஃபியா தலைவர் ஆல்பர்ட் அனஸ்டேசியாவின் ஆணை என்று பின்னாளில் ஜோ வலாச்சி கூறினார், எவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டனின் வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரைகளில் திட்டமிட்டார், ஏமாற்றினார், தப்பினார் எனச் செய்வினைகள் அணிவகுக்கின்றன. ஷூஸ்டருக்குக் கடைசிப் பத்தியில் ஒரே ஒரு செயப்பாட்டு வினை. நடைபாதை நெடுகப் பின்தொடர்ந்த துணிவும் ஒரு செய்வினைதான் என்பதை எழுதுவோர் மறந்துவிடுகின்றனர்.

மறக்காதது சட்டத்துறை மட்டுமே. ஷூஸ்டருக்குப் போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை என்று நகர நிர்வாகத்தின்மீது தொடுக்கப்பட்ட வழக்கில், காவல்துறைக்கு உதவியவரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என 1958இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. சாட்சிப் பாதுகாப்பு பற்றிப் படிப்போர் அத்தீர்ப்பை அவருடைய பெயராலேயே அறிவர்.

சட்டன் 1969 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அட்டிகா சிறையிலிருந்து விடுதலையானார். அடுத்த ஆண்டு, புகைப்படம் பதித்த கடன் அட்டைக்கான தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றினார். விளம்பரம் கொடுத்தது கனெக்டிகட்டில் இயங்கிய ஒரு வங்கி.